‘மூச்சை இழுத்து விடு’ என்றால் மகள் இன்னும் கத்துகிறாள்

பெங்களூரு கே.ஆர். புரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் அடையாளமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கம் மட்டும் இங்கே.

சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். கணவருக்கு வொயிட்ஃபீல்டில் வேலை, மாமியாரும் உடன் இருக்கிறார். ஒரே மகள், வயது 15, சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு. கடந்த சில மாதங்களாகத் தொட்டதற்கெல்லாம் கோபம், கதவைச் சாத்திக்கொண்டு அழுகை. கூடவே திரிந்த தோழிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கிய பிறகு அது அதிகமானது. ஏப்ரல் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்றவளின் முன்கையில் கீறல் தழும்புகளைத் தாய் பார்த்துவிட்டார். போனைப் பிடுங்கி வைத்தார். முருகன் படத்தின் முன்னால் சத்தியம் வாங்கினார். ஊருக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒன்றும் நிற்கவில்லை.

பிறகு இணையத்தில் தேடி, ‘டி.பி.டி.’ என்ற சிகிச்சை முறையின் பயிற்சித் தாள்களை அச்செடுத்து மகளின் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு சண்டை முற்றியபோது, “அந்தப் பேப்பர்ல இருக்கற மாதிரி மூச்சை இழுத்து விடு” என்று சொல்ல, மகள் தாளைக் கிழித்துப் போட்டு, “நான் என்ன பைத்தியமா? நீயே இழுத்து விடு” என்று கத்தியிருக்கிறாள்.

அவர் கேட்பவை: வீட்டிலேயே இந்தப் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, எங்கே தவறு செய்கிறேன்? மாமியார் சொல்வதுபோல இது எல்லாரும் தன்னைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவா? சாவைப் பற்றி அவளிடம் கேட்டால் நானே எண்ணத்தை விதைத்ததாகிவிடாதா? மனநல மருத்துவரிடம் போனால் பதிவாகி, பின்னால் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் தடையாகுமா? போர்டு பரீட்சை முடியட்டும் என்கிறார் கணவர், காத்திருக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம், இதற்கு இன்றே விடை வேண்டும்.

கேளுங்கள். நேரடியாகக் கேளுங்கள். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கேட்கப்பட்டவர்களில் பலருக்குப் பாரம் இறங்கியதாகத்தான் தெரிகிறது. எதிரே உட்கார வைத்து விசாரணைபோலக் கேட்க வேண்டாம். வண்டியில் போகும்போதோ, மாடியில் துணி மடிக்கும்போதோ, முகம் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் நேரம் நல்லது. “கையில இருக்கற தழும்பைப் பார்த்ததுல இருந்து எனக்கு ஒண்ணு கேக்கணும். செத்துப்போயிடலாம்னு உனக்குத் தோணியிருக்கா? என்ன சொன்னாலும் நான் கோபப்பட மாட்டேன்.” இவ்வளவு போதும். “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டால் “இல்லை” என்ற பதிலை நீங்களே அவள் வாயில் வைத்துவிடுகிறீர்கள்.

“ஆமாம்” என்றால் பதறாமல் அடுத்ததைக் கேளுங்கள்: எப்படி என்று யோசித்திருக்கிறாளா, எதையாவது எடுத்து வைத்திருக்கிறாளா, இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா? திட்டமோ தயாரிப்போ இருந்தால் அன்றே மருத்துவமனை. ஓசூர் சாலையில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இரவிலும் அவசரப் பிரிவு உண்டு. அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். எப்போதாவது வந்து போகும் எண்ணம் மட்டும்தான் என்றால் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இடையில் எந்த நேரமும் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ சேவையை அழைக்கலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கியது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். நீங்களும் அழைக்கலாம், மகளும் அழைக்கலாம்.

பதில் எதுவானாலும் ஒரு வேலையை இன்றைக்கே முடியுங்கள். ஃபிரிட்ஜ் மேல் டப்பாவில் இருக்கும் மாமியாரின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள், வீட்டிலுள்ள மற்ற மாத்திரைகள், பூச்சி மருந்து, பிளேடு எல்லாம் பூட்டிய பீரோவுக்குள் போகட்டும். மாமியாருக்கு அன்றன்றைக்கு வேண்டிய மாத்திரை மட்டும் வெளியே இருக்கலாம். பதின்வயதினரின் ஆபத்தான நிமிடங்கள் பெரும்பாலும் திடீரென்று வந்து குறுகிய நேரத்தில் கடந்துவிடுபவை. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாதிருப்பது உயிரைக் காக்கும். இதை அவள் கண்முன்னே சோதனை போடுவதுபோலச் செய்ய வேண்டாம்.

இனி மாமியார் சொன்னது. எல்லாரும் பார்க்க வேண்டும் என்று செய்கிறவள் ஏப்ரலில் ஸ்வெட்டர் போட்டு மறைப்பாளா? இப்படித் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் சொல்லும் காரணம், தாங்க முடியாத உணர்வு சில நிமிடங்களுக்காவது இறங்குகிறது என்பதுதான். ஒன்றுமே உணராமல் மரத்துப்போன நிலையிலிருந்து வெளியே வருவதற்காகச் செய்பவர்களும் உண்டு. அந்தச் சில நிமிட நிம்மதிதான் அதைப் பழக்கமாக்குகிறது. சாகும் எண்ணமே இல்லாமலும் இது நடக்கும். ஆனால் திரும்பத் திரும்ப நடந்தால் பிற்காலத்தில் தற்கொலை முயற்சிக்கான ஆபத்து கூடுகிறது. அதனால் ‘சின்னக் கீறல்தானே’ என்றும் விட முடியாது, ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று தலையில் அடித்துக்கொள்ளவும் தேவையில்லை.

சத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் பயத்தில் வாங்கினீர்கள், புரிகிறது. ஆனால் இந்தப் பழக்கம் ஒரே நாளில் நிற்பதில்லை. மறுபடி ஒருமுறை நடந்துவிட்டால் வலியோடு ‘சாமி சத்தியத்தையும் மீறிவிட்டேன்’ என்ற குற்ற உணர்வும் சேர்கிறது. அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டாள், இன்னும் ஆழமாக மறைப்பாள். “அந்தச் சத்தியத்தை நான் திரும்ப எடுத்துக்கறேன். மறுபடி நடந்தா மறைக்காம என்கிட்ட வா, அது போதும்” என்று சொல்லி அவளை விடுவித்துவிடுங்கள். அப்படி வந்தால் காயத்தைக் கழுவி மருந்து போடுங்கள். அழுகையும் வேண்டாம், உபதேசமும் வேண்டாம், சமாதானத்துக்கு ஸ்விக்கியில் பிரியாணியும் வேண்டாம். நிதானமான, சாதாரணமான கவனிப்பு போதும். கூடுதல் அன்பையும் நேரத்தையும் ஒன்றும் நடக்காத நாட்களில் கொடுங்கள்.

பயிற்சி எங்கே பிசகியது

நீங்கள் படித்த டி.பி.டி., அதாவது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கியது. தற்கொலை எண்ணமும் தன்னைக் காயப்படுத்தும் பழக்கமும் உள்ள பெரியவர்களுக்காக அமைத்ததை, பின்னர் ஜில் ரேதஸும் அலெக் மில்லரும் பதின்வயதினருக்கு ஏற்ப மாற்றினார்கள். நார்வேயில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 19 வாரம் இந்தச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடம் தன்னைக் காயப்படுத்துவது வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. ஆக நீங்கள் தேர்ந்தெடுத்த முறை சரியானதுதான். அதைக் கொடுத்த நேரமும் விதமும்தான் பிசகின.

உணர்வின் தீவிரத்தைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண்ணிப் பார்க்கச் சொல்வோம். எழுபதைத் தாண்டிவிட்டால் யோசித்துச் செய்யும் மூளைப்பகுதி பின்னுக்குப் போய்விடும். இந்த வயதில் அந்தப் பகுதி இன்னும் முழுமையாக வளர்ந்திருக்கவும் இல்லை, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கும். செவ்வாய் இரவு உங்கள் மகள் தொண்ணூறில் இருந்தாள். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிறவளுக்குக் கரையிலிருந்து நீச்சல் பாடம் சொன்னது போலத்தான் ஆயிற்று. இவை முப்பதிலும் நாற்பதிலும் இருக்கும்போது, ஞாயிறு காலைபோல ஒன்றும் நடக்காத நேரத்தில் பழக வேண்டியவை. பழகியது மட்டுமே தொண்ணூறில் கை கொடுக்கும்.

இன்னொன்று, நீங்கள் சொன்ன வாக்கியம் அவள் காதில் பயிற்சியாக விழவில்லை. ‘உன் உணர்வு தப்பு, நிறுத்து’ என்று விழுந்தது. கேட்காத பிள்ளையிடம் திணித்தால் இந்தத் திறன்களே எதிராகத் திரும்பலாம். ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களைக் கொண்ட ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. டி.பி.டி. திறன்களை எட்டு வாரம் வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாகக் கற்பித்துப் பார்த்தார்கள். கற்ற பிள்ளைகளின் மனச்சோர்வும் பதற்றமும் குறையவில்லை, சற்றுக் கூடின. பெற்றோருடனான உறவும் கொஞ்சம் மோசமானது. வீட்டில் தாமாகவே அதிகம் பழகியவர்களுக்கு மட்டும் நிலைமை மேலாக இருந்தது.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: முழுச் சிகிச்சையை நீங்கள் வீட்டில் தர முடியாது. நீங்கள் அவளுக்கு ஆசிரியையாக மாறவும் வேண்டாம். ஆனால் இந்தத் திறன்களை முதலில் நீங்கள் உங்களுக்காகக் கற்றுக்கொள்ளலாம். பதின்வயதினருக்கான டி.பி.டி.யில் பெற்றோரும் பிள்ளையோடு வகுப்பில் உட்கார்ந்து கற்பதே முறை. மாமியாரோடு மனஸ்தாபம் வந்த ஒரு மாலை, “எனக்கு இப்ப எழுபதைத் தாண்டிடுச்சு, அஞ்சு நிமிஷம் மாடிக்குப் போயிட்டு வரேன்” என்று மகள் காதுபடச் சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள். அலமாரியில் ஒட்டிய தாள் செய்யாததை இது செய்யும்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: அவள் உணர்வுக்கு இடம்

தோழிகள் குழுவிலிருந்து நீக்கிய அன்று நீங்கள் சொன்னதாக எழுதியிருப்பது: “இதுக்கெல்லாமா அழுவாங்க? நல்லதாப் போச்சு, படிக்கிற வழியைப் பாரு.” நம் வீடுகளில் ஆறுதல் என்று நினைத்துத்தான் இப்படிச் சொல்கிறோம். கேட்பவளுக்கோ, தனக்கு வலிப்பதே தவறு என்று படுகிறது. பிறகு வலியை நிரூபிக்கக் குரலை உயர்த்துகிறாள். நீங்கள் அதட்டுகிறீர்கள், அவள் கதவைச் சாத்துகிறாள்.

மாற்றாக: “மூணு வருஷமா கூடவே இருந்தவங்க. திடீர்னு தூக்கிட்டாங்கன்னா யாருக்குமே வலிக்கும்.” சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்து ‘ஆனா’ என்று ஆரம்பித்தால் முன்னால் சொன்னது அத்தனையும் அழிந்துபோகும். வாய்க்குள் வந்துவிட்ட அறிவுரையை முழுதாகப் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். அவளாகவே “நான் என்ன பண்றது?” என்று கேட்டால் அப்போது பேசலாம்.

இதில் பெற்றோர் பயப்படுவது ஒன்றுண்டு: உணர்வை ஒப்புக்கொண்டால் நடத்தையையும் ஒப்புக்கொண்டதாகிவிடாதா? இரண்டும் வேறு. “உனக்குக் கோபம் வந்தது நியாயம். பாட்டியைப் பார்த்து அந்த வார்த்தை சொன்னது சரியில்லை” என்று இரண்டையும் சொல்லலாம். முதல் வாக்கியம் நன்றாக உள்ளே இறங்கிய பிறகு, அவசியமானால் மறுநாள், இரண்டாவது வரட்டும். மாமியாரிடமும் ஒரு வேண்டுகோள் வையுங்கள். அவர் மனசை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, தழும்பைப் பற்றி அவள் எதிரே பேசாமல் இருந்தால் போதும்.

உச்சத்தில் இருக்கும்போது

எழுபதைத் தாண்டிய நேரத்தில் பேச்சு பயன்படாது, உடல்வழியாகத்தான் இறக்க முடியும். நீங்கள் அச்செடுத்த தாளில் சுருக்கமாக இருப்பதைச் செய்முறையாகவே தருகிறேன்.

குளிர்ந்த நீர். வாயகன்ற பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து நாலைந்து ஐஸ் கட்டிகள் போடுங்கள். நீர் சில்லென்று இருந்தால் போதும், பத்து டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணும் கன்னமேடும் மூழ்கும்படி 15 முதல் 30 விநாடி முகத்தை நீரில் வைக்க வேண்டும். மூச்சு முட்டினால் உடனே எழுந்துவிடலாம். முகத்தில் குளிர்ச்சி பட்டு, மூச்சும் நின்றிருக்கும்போது இதயத்துடிப்பு தானாகக் குறைவது மனித உடலில் இயல்பாகவே அமைந்தது. நின்றபடி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் இந்த அளவுக்குப் பலன் இருக்காது. பாத்திரம் வேண்டாம் என்றால் துணியில் சுற்றிய ஐஸ் பொதியைக் கண்கள்மீதும் கன்னத்தின் மேல்பகுதியிலும் வைத்துக் குனியலாம். இதய நோய், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, சாப்பாட்டை மிகவும் குறைத்து மெலிந்துபோன நிலை, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. உங்கள் மகள் சில நேரம் இரவு சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதன் பலன் சில நிமிடம்தான். பலர் ஏமாறுவது இங்கேதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே வாட்ஸ்அப்பைத் திறந்தால் மறுபடி ஏறிவிடும். அந்த இடைவெளியில் அடுத்ததற்குப் போக வேண்டும்: மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி. உங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டில் ஏறி இறங்கலாம், ஸ்கிப்பிங் கயிறு போதும், பத்து முதல் இருபது நிமிடம்.

பிறகுதான் மூச்சு. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். அதாவது நிமிடத்துக்குச் சுமார் ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். ‘நல்லா ஆழமா இழு’ என்று சொல்வதால்தான் பல பிள்ளைகளுக்குத் தலைசுற்றலும் விரல்நுனியில் ஊசி குத்தலும் வந்து இன்னும் பயந்துபோகிறார்கள். இழுப்பது சாதாரணமாக இருக்கட்டும், வெளியே விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். இதோடு, மூச்சை இழுக்கும்போது கைமுட்டி, தோள், தாடை என ஒவ்வொரு தசையாக ஐந்து விநாடி இறுக்கி, விடும்போது தளர்த்தலாம்.

காயப்படுத்திக்கொள்ள வேண்டும்போல இருக்கும்போது மணிக்கட்டில் ரப்பர் பேண்டை இழுத்து விடு என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வலியால் வலியை ஆற்றும் அதே பழக்கத்தைத்தான் அது வேறு வடிவில் காப்பாற்றி வைக்கிறது.

இறங்கிய பிறகு, அந்தச் செவ்வாய்க்கிழமை

இது மகளும் சிகிச்சையாளரும் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்தே எப்படிப் பார்ப்பது என்று காட்டுகிறேன்.

முந்தைய இரவு பன்னிரண்டே முக்காலுக்குப் படுத்தாள். காலை ஐந்தரைக்கு எழுந்தாள். ஸ்கூல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இட்லியைத் தொடவில்லை. மாலை டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் பஸ் நின்று, வீட்டுக்கு வந்த அரை மணியில் டியூஷன். அங்கே திருத்திய கணக்குத் தேர்வுத்தாள் கொடுத்தார்கள், மதிப்பெண் குறைவு. எட்டரைக்குத் திரும்பியவள் உங்கள் போனில், பழைய தோழிகள் மாலில் எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மாமியார் “இன்னும் புக்கைத் தொடலையா?” என்றார். வெடித்துவிட்டாள்.

வெளியிலிருந்து பார்த்தால் பாட்டி சொன்ன ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்று தோன்றும். சங்கிலியை விரித்தால் அது கடைசிக் கண்ணி மட்டும்தான் என்று தெரியும். ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், வெறும் வயிறு, இரண்டு ஏமாற்றம். 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வீட்டில் எந்தக் கண்ணியை அறுப்பது எளிது என்று என்னைக் கேட்டால், தூக்கமும் மாலைச் சாப்பாடும்தான். டியூஷனை வாரத்தில் இரண்டு நாளாவது குறைக்க முடியுமா என்று பாருங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வயிறு நிறைய ஏதாவது சாப்பிட்ட பிறகே அடுத்த வேலை. இதை யாரும் சிகிச்சை என்று சொல்வதில்லை. ஆனாலும் டி.பி.டி.யில் இதற்கென்று தனிப் பாடமே உண்டு, ஏனென்றால் தூங்காத மூளையில் வேறு எந்தத் திறனும் நிற்காது.

அடுத்து, நடந்ததையும் மனம் சேர்த்துக்கொண்டதையும் பிரித்துப் பார்ப்பது. ‘குழுவிலிருந்து நீக்கினார்கள்’ என்பது நடந்தது. ‘என்னை யாருக்குமே பிடிக்காது, இனி யாரும் வர மாட்டார்கள்’ என்பது சேர்ந்தது. எது எது என்று அவளே ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் தீவிரம் எண்பதிலிருந்து ஐம்பதுக்கு வரலாம். ஆனால் இதை நீங்கள் வாதமாக எடுத்து, “அவங்க வேற எதுக்காகவோ நீக்கியிருப்பாங்க” என்று சொன்னால் பழைய கதைதான். தோழிகள் உண்மையிலேயே ஒதுக்கியிருந்தால் அவள் வருத்தம் உண்மைக்குப் பொருந்தியதே, அதைத் திருத்த ஒன்றுமில்லை. அடுத்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அங்கே எதிர்ச்செயல் என்ற திறன் வரும். வெட்கமும் சோகமும் அவளை மதிய இடைவேளையில் வகுப்பிலேயே உட்கார வைக்கின்றன. உட்கார உட்கார அவை வளர்கின்றன. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் ஒரு பெண்ணோடு மட்டும் போய்ச் சாப்பிடுவது அதற்கு எதிர்ச்செயல். அரைமனதாகப் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்தால் பலன் வராது. நிமிர்ந்து, பேச்சில் கலந்துகொள்ள வேண்டும். உணர்வு உண்மைக்குப் பொருந்தாதபோது, அல்லது அதன்படி நடப்பது அவளுக்கே பயன் தராதபோது மட்டுமே இது. யாராவது அவள் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள், தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்கள் என்றால் அவள் பயம் சரியான பயம். அதற்கு வேண்டியது பாதுகாப்பும் புகாரும். சிறாரைத் துன்புறுத்தும் பாலியல் குற்றம் தெரிந்தால் புகார் செய்வது 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி கட்டாயம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். இதையும் ஒருமுறை மென்மையாகக் கேட்டுவிடுங்கள்.

போன் விஷயம்: காயப்படுத்திக்கொண்டதற்குத் தண்டனையாகப் போனைப் பிடுங்கினால் அடுத்த முறை மறைக்கத்தான் கற்றுக்கொள்வாள். திருப்பிக் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் இருக்கும் என்று ஒரு விதி வையுங்கள். எல்லார் போனும் என்பதில் அப்பாவின் போனும் சேர்த்தி.

மருத்துவரும் பதிவும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருப்பதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. மருத்துவர் தாமாகப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ உறவினருக்கோ சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஆலோசனைக்குப் போனதற்காக மதிப்பெண் பட்டியலிலோ மாற்றுச் சான்றிதழிலோ ஒரு வரியும் ஏறாது. கல்யாணத்தைப் பற்றிய பயத்துக்கு நான் சட்டத்தைக் காட்ட முடியாது. ஆனால் பதினைந்து வயதில் கவனித்தால் சில மாதங்களில் அடங்கக்கூடியதை இருபத்தைந்து வரை இழுத்துக்கொண்டு போவது அவள் வாழ்க்கைக்கு எந்த விதத்திலும் நல்லதில்லை.

மகளுக்குப் பதினெட்டு ஆகாததால் சம்மதக் கையெழுத்து உங்களுடையது. அதே சமயம், அவள் சிகிச்சை அறைக்குள் பேசியது அத்தனையையும் சிகிச்சையாளர் உங்களிடம் ஒப்பிக்க மாட்டார், ஆபத்து இருந்தால் மட்டும் சொல்வார். இதைக் கணவரும் ஏற்க வேண்டும். தினமும் உணர்வு, தீவிரம், தூண்டுதல், பயன்படுத்திய திறன் ஆகியவற்றைக் குறிக்க ஓர் அட்டை கொடுப்பார்கள். அதை அவள் காட்டினால் பாருங்கள், பையைத் துழாவிப் படிக்காதீர்கள்.

நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் தனி மனநலப் பிரிவு இருக்கிறது. பி.டி.எம். லேஅவுட்டில் அதன் நல்வாழ்வு மையமும் உண்டு. ஆஸ்பத்திரி வாசல் என்று தயங்குபவர்களுக்கு அது எளிது. ஆனால் தன்னைக் காயப்படுத்தும் பழக்கம் இருப்பதால் முதல் மதிப்பீட்டை மனநல மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். தனியாரிடம் போவதானால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருப்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பதின்வயதினருக்கு டி.பி.டி. செய்வீர்களா, பெற்றோருக்கும் அமர்வு உண்டா என்றும் கேளுங்கள். சிகிச்சை பொதுவாக வாரம் ஒருமுறை, நாலு முதல் ஆறு மாதம் போகும். உங்களுக்குத் தமிழில் பேசுபவர் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் கேளுங்கள். பள்ளியில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் வளர்ந்தவளுக்கு எந்த மொழியில் அழ வருமோ அந்த மொழி தெரிந்தவர்தான் அவளுக்குச் சரி. உங்களோடு பேச வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

மனச்சோர்வோ பதற்ற நோயோ உடன் இருந்தால் மருத்துவர் மாத்திரை எழுதலாம். தந்தால் நீங்களே எடுத்துக் கொடுங்கள், பரவாயில்லை என்று தோன்றியதும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஊர்க் கோயிலில் கட்டிய கயிறு கையிலேயே இருக்கட்டும், அதை அவிழ்க்கச் சொல்லி யாரும் சண்டை போட வேண்டியதில்லை. அது சிகிச்சைக்குக் குறுக்கே வராது.

பரீட்சை முடியட்டும் என்ற கணவரின் யோசனைக்கு நான் உடன்படவில்லை. பரீட்சை நெருங்க நெருங்கத் தூக்கம் குறையும், அழுத்தம் கூடும். அவளுக்குத் திறன் தேவைப்படப்போவதே அந்த மாதங்களில்தான். இப்போது தொடங்கினால் பிப்ரவரிக்குள் பாதி தூரமாவது வந்திருப்பாள். சி.பி.எஸ்.இ. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டாவது பொதுத்தேர்வும் வைத்திருக்கிறது, மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள அதில் வழி உண்டு. இதையும் கணவரிடம் சொல்லுங்கள்.

முதல் சந்திப்புக்கு அவரும் வரட்டும். மகளிடம் “உன்னைக் காட்டப் போறோம்” என்று சொல்லாமல், “வீட்ல மூணு பேரும் கத்திக்கிட்டே இருக்கோம், எப்படிப் பேசறதுன்னு நாம எல்லாருமே கத்துக்கப் போறோம்” என்று சொல்லுங்கள். அவள் வர மறுத்தால் சந்திப்பை ரத்து செய்யாதீர்கள், முதல் முறை நீங்கள் இருவர் மட்டும் போய்வாருங்கள். கடந்த இரண்டு வாரத் தூக்க நேரம், சாப்பாடு, மாதவிடாய் தேதி, சண்டை நடந்த நாட்கள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். தழும்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டாம், தேவைப்பட்டால் மருத்துவரே அவளிடம் கேட்டுப் பார்ப்பார்.